ஓடைக்கு அக்கரைத் தோட்டம்

பினாங்கின் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுக்கு மேலே உள்ள மலைச்சரிவுகளில் எவ்வளவு காடு மிச்சமிருக்கிறது, எவ்வளவு தோட்டமாகிவிட்டது என்று வரைபடம் போட்டுத் தரும்படி மாநில நில அலுவலகம் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டது. 1990ஆம் ஆண்டின் தொடக்கம் அது. மழை பெய்தால் ஓடைகள் கலங்கி வருகின்றன, மண் எந்தச் சரிவிலிருந்து கரைகிறது என்று தெரிந்தாக வேண்டும் என்பது அவர்களுடைய கவலை. புவியியல் துறையில் அந்த வேலைக்குத் தவமணியைத் தவிர வேறு யாரையும் யோசிக்கவில்லை.

தவமணிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்து பினாங்கிலேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பா நாற்காலியைவிட்டு அதிகம் எழுந்திராத மனிதர். மகளோ உட்கார்ந்தால் கால் கடுக்கும் என்பவள். விரிவுரையாளர் அறையில் அவளுடைய மேசைக்கடியில் எப்போதும் சேறு காய்ந்த ஒரு ஜோடி பூட்ஸ் கிடக்கும். மலைக்குப் போகாமல் மலையைப் பற்றி எழுதக்கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிச் சொல்லி, அவர்கள் அதை அவளுடைய குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிக்கும் அளவுக்கு ஆகியிருந்தது.

அவளோடு சேர்ந்து வேலை செய்தவன் இஸ்மாயில். சூலியா தெருவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பையன். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவன். செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் ஏற்றி, எது மரம், எது புல், எது வெறும் மண் என்று பிரித்துச் சொல்வது அவன் வேலை. குளிரூட்டிய கணினி அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மலையில் அட்டை கடிக்கும் என்பதால் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

வேலை மூன்று பங்காகப் பிரிந்தது. பிப்ரவரியில் வானம் தெளிவாக இருந்த ஒரு காலையில் செயற்கைக்கோள் எடுத்த படம், பாங்காக்கிலிருந்து காந்த நாடாவில் வந்து சேர்ந்தது. முழு மலையும் ஒரே பார்வையில் அதில் தெரிந்தது. ஆனால் அதன் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு வீடும் அதன் கொல்லையும் அடங்கிவிடும். ஆகவே மார்ச்சில் ஒரு சிறிய விமானத்தை வாடகைக்கு எடுத்து, அகச்சிவப்புப் படச்சுருள் போட்ட கேமராவால் சரிவுகளைத் தாழ்வாகப் படம் பிடித்தார்கள். அதில் ஒவ்வொரு மரத்தின் தலையும் தனித்தனியாகத் தெரிந்தது. தலைதான் தெரிந்தது. அடியில் என்ன இருக்கிறது என்பதை மனிதர்கள் போய்த்தான் பார்க்க வேண்டும். படத்தின்மேல் கட்டம் கட்டிப் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நடந்து போய், மரத்தடியில் மல்லாந்து படுத்து மேல்நோக்கிப் படமெடுத்து, இலைகளூடே எவ்வளவு வெளிச்சம் இறங்குகிறது என்று அளந்து, தரையில் கயிறு பிடித்து எங்கே சருகு, எங்கே மண் என்று குறிப்பதுதான் தவமணியின் பங்கு. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் வரைபடம் நிற்கும்.

ஏப்ரலில் அவள் வள்ளியம்மாவின் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். இஸ்மாயிலின் கணினி அந்த இடத்தைக் காடு என்று சொல்லியிருந்தது. போய்ப் பார்த்தால் மேலே டுரியானும் ஜாதிக்காயும் கிளை கோத்து நிற்க, அவற்றின் நிழலில் வெற்றிலைக் கொடிகள், அதற்கும் கீழே இஞ்சி. நடுவில் தகரக் கூரை போட்ட ஒரு வீடு. வானத்திலிருந்து பார்த்தால் அந்தக் கூரைகூடத் தெரியாது.

வள்ளியம்மா ஐம்பதைத் தாண்டியவள். புருஷன் இறந்த பிறகு தோட்டத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். வெற்றிலை பறித்து ஆயர் ஈத்தாம் பாசாருக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவாள். நிலம் தற்காலிக லைசென்ஸில் இருந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இரண்டு வருஷமாக அதே நில அலுவலகத்தில் இன்றைக்கு வா நாளைக்கு வா என்று இழுத்தடித்தார்கள். அளக்க வந்தவர்களைப் பார்த்ததும் முதலில் அவளுக்குப் பயம்தான். தவமணியும் ஆய்வுக்கூட உதவியாளர்கள் இருவரும் வந்த விஷயத்தைச் சொன்ன பிறகு, பசியாறிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார வைத்துத் தோசை சுட்டுப் போட்டாள்.

விமானப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தவள், “என்ன டீச்சர், எங்க கெபுனு தீப்பிடிச்ச மாதிரி சிவப்பா இருக்கு?” என்று கேட்டாள். தோட்டத்தை அவள் மலாய்க்காரர்களைப் போலக் கெபுன் என்றுதான் சொல்வாள்.

பச்சை இலைதான் அந்தப் படச்சுருளில் சிவப்பாக விழும், சிவப்பு அடர்த்தியாக இருந்தால் இலை செழிப்பாக இருக்கிறது என்று அர்த்தம் என்று தவமணி விளக்கினாள். வள்ளியம்மாவுக்குத் திருப்தியாக இருந்தது. படத்தில் தன் தோட்டம் பக்கத்துக் காட்டுக்குச் சளைக்காமல் சிவந்திருப்பதை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். பிறகு ஓடைக்கு அந்தப் பக்கம் சாம்பலும் நீலமுமாகக் கிடந்த ஒரு திட்டைக் காட்டி, அது தன் தம்பி வாசுவின் கெபுன், பழைய கிராம்பு மரங்கள் முக்கால்வாசி பட்டுப்போனதால் வெட்டிவிட்டுப் புதிதாக நடுகிறான், அவசியம் போய்ப் பாருங்கள் என்றாள். தவமணி தலையாட்டினாள். அங்கேயும் ஒரு அளவைப் புள்ளி விழுந்திருந்தது.

வள்ளியம்மாவின் தோட்டத்தில் அளந்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. இரண்டாம் நாள் பிற்பகல் ஓடைக்கரைக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. குறுக்கே போட்டிருந்த தென்னந்தண்டுப் பாலத்தை முந்தைய வாரத்து வெள்ளம் கொண்டுபோயிருந்தது. தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும். ஆனால் பழுப்பாக, வேகமாக ஓடியது. உதவியாளர்கள் தவமணியின் முகத்தைப் பார்த்தார்கள். அவளுக்குக் கால் வலி, கேமராவை நனைக்கக்கூடாது, மறுவாரம் கோலாலம்பூரில் கருத்தரங்கு வேறு. பையிலிருந்து விமானப் படத்தை எடுத்துப் பார்த்தாள். அக்கரை மண் வெட்டவெளியாக, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல் படத்தில் கிடந்தது. திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் கணினி அறையில் இஸ்மாயிலிடம் சொன்னாள். அவன் செயற்கைக்கோள் படத்தில் அதே இடத்தை எடுத்துக் காட்டினான். பிப்ரவரியிலும் மண், மார்ச்சிலும் மண். இதற்குப் போய் நடக்க வேண்டுமா என்றான். வேண்டியதில்லை என்று அவளுக்கும் பட்டது. வெறும் மண், திறந்த சாகுபடி, அரிப்பு அதிகம் என்று அந்தத் திட்டுக்கு மஞ்சள் நிறம் கொடுத்தார்கள்.

ஜூலையில் வரைபடத்தை ஒப்படைத்தார்கள். துறையில் எல்லோரும் பாராட்டினார்கள். வள்ளியம்மாவின் தோட்டத்துக்குக் காடு என்றும் பெயரிடாமல், தோட்டம் என்றும் பெயரிடாமல், மரக்கலப்பு என்று ஒரு புதிய வகையை உண்டாக்கி, அதன் நிழலில் மண் காட்டில் இருப்பதைப் போலவே காக்கப்படுகிறது என்று அளவுகளோடு எழுதியிருந்தாள் தவமணி. அவள் மிகவும் பெருமைப்பட்ட பக்கம் அது. அலுவலகம் அதை ஏற்றுக்கொண்டது. வள்ளியம்மாவின் லைசென்ஸ் ஆகஸ்டில் புதுப்பிக்கப்பட்டது.

செப்டம்பரில் ஒருநாள் காலை வகுப்பு முடிந்து தவமணி அறைக்கு வந்தபோது, வாசலில் வள்ளியம்மா நின்றிருந்தாள். கையில் வெற்றிலைக் கட்டு. நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துத் தவமணி சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போனாள். வள்ளியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். வெற்றிலையை மேசைமேல் வைத்தாள். வாசுவுக்கு நோட்டீசு வந்திருக்கிறது, மூன்று மாதத்தில் காலி பண்ண வேண்டுமாம் என்றாள்.

ஏன் என்று தவமணிக்குத் தெரிந்துவிட்டது.

“எங்க வீட்டுக்கு வந்தீங்க டீச்சர். உட்கார்ந்து, படுத்து, எல்லாத்தையும் அளந்தீங்க,” என்றாள் வள்ளியம்மா. குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “அவன் வீட்டுக்கு ஏன் வரல?”

“பாலம் போயிருந்துச்சுக்கா. மழை வேற.”

“அவன் தினம் அந்தத் தண்ணியில எறங்கித்தான் லா வந்துட்டுப் போனான்.”

திரும்பிப் போக இரண்டு பஸ் மாற வேண்டும் என்று வள்ளியம்மா எழுந்துகொண்டாள். தவமணி பஸ் நிறுத்தம்வரை கூடப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வதென்று யோசித்து, கடைசியில் நாளைக்கே வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அன்று மாலை கணினி அறையில் இஸ்மாயிலோடு வாக்குவாதம். அவன் படத்தைத் திரையில் விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “படம் பொய் சொல்லல அக்கா. அன்னைக்கு அங்க மண்ணுதான்.”

“பொய்னு யாரு சொன்னா? அன்னைக்கு மண்ணு. நாம எழுதினதுல அன்னைக்குன்னு எங்க இருக்கு?”

இஸ்மாயில் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். விமானத்தை இன்னொரு முறை எடுக்கப் பணமில்லை, ஏப்ரலுக்குப் பிறகு வந்த செயற்கைக்கோள் படங்களில் பாதிக்குமேல் மேகம் என்றான். ஆனாலும் அந்த ஒரு திட்டுமட்டும் மேகத்துக்கு வெளியே தெரிகிற நாள் ஏதாவது உண்டா என்று தேடிப் பார்க்கிறேன் என்றான்.

மறுநாள் தவமணி ஓடையில் இறங்கி அக்கரைக்குப் போனாள். தண்ணீர் கணுக்காலைத்தான் தொட்டது.

வாசு நாற்பது வயது மனிதன், ஒல்லி. பாராங் கத்தியால் மூங்கில் சீவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான். “நீங்கதான் மேப்பு போட்டீங்களா?” என்றான். ஆமாம் என்றாள். அக்கா சொன்னாள் என்று சொல்லிவிட்டு அவன் வேலையைத் தொடர்ந்தான். கொஞ்சம் கழித்து, “பாத்துக்குங்க. மறைக்க ஒண்ணுமில்ல,” என்றான்.

தவமணி பார்த்தாள். வெறும் மண் என்று அவள் எழுதிக்கொடுத்த இடம் பச்சையாக இருந்தது. கீழ்ப்பாதி முழுவதும் வள்ளிக்கிழங்குக் கொடி கணுக்கால் மூழ்கப் படர்ந்திருந்தது. அதனூடே இடுப்புயரத்துக்கு வாழைகள். வாழை நிழலில் ஜாதிக்காய்க் கன்றுகள். கயிறு பிடித்து அளந்தபோது மண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிப்ரவரியில் வெட்டி, மார்ச்சில் கிளறி, ஏப்ரலில் கொடி நட்டிருக்கிறான். அவள் ஓடைக்கரையில் நின்று திரும்பிய நாளில் கொடி வேர் பிடித்துக்கொண்டிருந்திருக்கும்.

அவளுக்கு மனம் லேசானது. அலுவலகத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியங்கள்கூட மனசுக்குள் ஓடத் தொடங்கின. அந்த வேகத்தில் மேல்பாதிக்கு ஏறினாள்.

மேலே சரிவு செங்குத்தாக இருந்தது. பட்டுப்போன கிராம்பு மரங்களின் கட்டைகளுக்கு நடுவே, ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு ஒரு பிளவு. சிவந்த மண் உடைந்து கீழே ஓடைவரை வழிந்திருந்தது. விளிம்பில் கற்களை நிரப்பிய கோணிகளை அடுக்கி, மூங்கில் முளைகளை அடித்து நிறுத்தியிருந்தான் வாசு. கீழே அவன் சீவிக்கொண்டிருந்த மூங்கிலும் இதற்காகத்தான். கோணிகளில் பாதி ஏற்கெனவே சரிந்துவிட்டன.

வாசு பின்னால் வந்து நின்றான். “ஏப்ரல் மழையில போச்சு டீச்சர். மரத்த எடுக்காம இருந்திருந்தா நின்னிருக்குமோ என்னமோ. பட்ட மரத்த வச்சிக்கிட்டு நானும் என்ன செய்யிறது?”

தவமணி பிளவின் நீளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஓடை பழுப்பாக ஓடியதன் காரணம் கொஞ்சமாவது இதுதான்.

“இதையும் எழுதணுமா?” என்றான் வாசு.

எழுதாமல் இருக்க வழி உண்டு என்று அவளுக்குத் தெரியும். அளவைப் புள்ளி விழுந்தது கீழ்ப்பாதியில். அதை மட்டும் எழுதினாலும் யாரும் குறை சொல்ல முடியாது. இந்த மனிதனுக்கு அவள் பட்ட கடன் அது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஓடைக்கரையில் திரும்பிப் போனதும் இதே மாதிரி, யாரும் குறை சொல்ல முடியாத காரணங்களோடுதான்.

“எழுதணும் வாசு.”

அவன் மூங்கிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான். கீழே வாழைகளைப் பார்த்தான். “எழுதுங்க,” என்றான். பிறகு அளவுக்கயிற்றின் மறுநுனியைத் தானே பிடித்துக்கொண்டு பிளவுக்குள் இறங்கினான்.

இஸ்மாயிலின் தேடல் வீண்போகவில்லை. ஜூன் மாதத்துப் படம் ஒன்றில் மேகங்களுக்கிடையே அந்தச் சரிவு மட்டும் தெரிந்தது. கீழ்ப்பாதி அப்போதே சிவக்கத் தொடங்கியிருந்தது. மேல்பாதி சாம்பலாகவே இருந்தது. தவமணி தரையில் அளந்ததும் அதுவும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. மூன்று இரவு உட்கார்ந்து திருத்தக் குறிப்பு எழுதினாள். எந்த நாளில் எது எப்படி இருந்தது, தங்கள் வரைபடம் எங்கே தவறியது, ஏன் தவறியது என்று எல்லாம் அதில் இருந்தது. ஏன் தவறியது என்ற பகுதியை இஸ்மாயில் படித்துவிட்டு, இவ்வளவு விவரமாக வேண்டுமா என்றான். அவனுடைய பெயர் அதில் எங்கும் வராததைப் பார்த்ததும், தன் பெயரையும் சேர்க்கச் சொன்னான்.

அலுவலகத்தில் அந்த மலைச்சரிவுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷரீஃபா என்ற அதிகாரி. கண்டிப்பானவர், ஆனால் கதவைச் சாத்துகிறவர் அல்ல. குறிப்பை முழுவதும் படித்துவிட்டு, நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வரைபடத்தை நம்பித்தான் நோட்டீசு அனுப்பினேன் என்று மலாயில் சொன்னார். தவமணி அதை ஒப்புக்கொண்டாள். சரி, அது மூடிய நிலமா, வெறும் மண்ணா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டார். இரண்டும்தான் என்றாள் தவமணி. அப்படி ஒரு கட்டம் என் படிவத்தில் இல்லையே என்று ஷரீஃபா களைப்போடு சிரித்தார். ஆனால் இரண்டு வாரம் கழித்து, ஜீப்பில் வந்து, பூட்ஸ் போட்டுக்கொண்டு, தானே மலையேறிப் பார்த்துவிட்டுப் போனார்.

முடிவு நவம்பரில் வந்தது. கீழ்ப்பாதிக்கு லைசென்ஸ் உண்டு. மேல்பாதியை வாசு விட்டுவிட வேண்டும். அங்கே அலுவலகமே மரம் நடும். உயிரோடு மிஞ்சியிருந்த ஆறேழு கிராம்பு மரங்களும் அந்தப் பாதியில்தான் இருந்தன. நல்ல வருமானம் அவற்றில்தான். வாசு பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மாலை ஷிப்டுக்குச் சேர்ந்துகொண்டு, காலையில் தோட்டத்தைப் பார்த்தான். தவமணி போய் வருத்தம் தெரிவித்தபோது, போனது போகட்டும், இது மிஞ்சியதே என்று சொல்லவும் இல்லை, உங்களால்தான் என்று சொல்லவும் இல்லை. வள்ளிக்கிழங்கு ஒரு மூட்டை தோண்டிக் கட்டி, தூக்க முடியுமா என்று மட்டும் கேட்டான். வள்ளியம்மா மட்டும் முன்போலவே பசியாற உட்கார வைத்தாள். ஆனாலும் அந்த வீட்டில் தோசை தின்னும்போது தவமணிக்குப் பழைய சுகம் வரவில்லை. அது வர நாளாகும் என்று அவளுக்குப் புரிந்தது.

இதற்கிடையில் வேறொரு சங்கடம் எழுந்தது. நடந்து போய்ப் பார்க்காமல், படத்தை மட்டும் நம்பிப் பெயர் கொடுத்த திட்டுகள் இன்னும் எத்தனை என்று தவமணி எண்ணிப் பார்க்கத் தொடங்கினாள். வெள்ளத்தால் விட்டது, செங்குத்தென்று விட்டது, நேரமில்லாமல் விட்டது என்று மலை முழுக்கச் சிதறிக் கிடந்தன. திருத்திய வரைபடத்தில் அவற்றுக்கு எந்த நிறமும் கொடுக்காமல் வெள்ளையாக விட்டு, நேரில் பார்க்கவில்லை என்று விளக்கம் போடச் சொன்னாள். துறைத் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டு ஓட்டை விழுந்த வரைபடத்தையா கொடுப்பது என்று சத்தம் போட்டார். மற்ற இடங்களில் கணினியும் தரையும் பத்துக்கு ஒன்பது ஒத்துப்போகும்போது வெள்ளைத் திட்டுகளையும் நம்பலாமே என்றார். அது நியாயமான வாதம்தான். அந்தப் பத்தாவது இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியும்வரை வெள்ளையாகவே இருக்கட்டும் என்றாள் தவமணி. வரைபடம் அப்படியே அச்சானது. அடுத்த ஆண்டு ஆராய்ச்சிப் பணம் அவளுக்குக் குறைந்தது.

வீட்டில் அவள் கணவர் தியாகராஜா, சனிக்கிழமைகளிலும் மலைக்கா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் பூட்ஸைக் கழுவி வெயிலில் வைத்தார்.

1991 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, எல்லாவற்றிலும் உயரத்தில் இருந்த ஒரு வெள்ளைத் திட்டுக்குக் கிளம்பியபோது, இஸ்மாயிலும் வருகிறேன் என்று வந்து நின்றான். புதுக் காலுறை, அட்டையை விரட்டப் புகையிலைத் தண்ணீர், தோளில் துண்டு எல்லாம் ஆயத்தமாக இருந்தன. பாதி வழியிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தான். கணினியில் அந்த இடத்தைக் காடு என்று அவன் பிரித்திருந்தான். அங்கே போய் என்ன கிடைக்கப்போகிறது என்று ஏறும்போதெல்லாம் முணுமுணுத்தான். ஒருவேளை வீடு இருக்கலாம், டுரியான் இருக்கலாம் என்று தவமணி சொல்லிக்கொண்டே நடந்தாள்.

உச்சிப்பொழுதுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீடு இல்லை, டுரியான் இல்லை. பிரம்புக் கொடி சுற்றிய பெரிய மரங்கள், அடியில் ஈரச் சருகு, மனித நடமாட்டத்துக்கு ஒரு அடையாளமும் இல்லை. சுத்தமான காடு.

“நான்தான் சொன்னேனே அக்கா,” என்றான் இஸ்மாயில், காலுறையை உருட்டி அட்டை தேடிக்கொண்டே.

தவமணி மல்லாந்து படுத்து, இலைகளூடே மேலே ஒரு படம் எடுத்தாள். கயிற்றை நீட்டி அவனிடம் ஒரு நுனியைக் கொடுத்து, அந்த மரத்துக்குப் போ என்றாள்.